பறக்காம ஓடுற ஈ

எல்லாருக்கும் வணக்கங்க. இன்னிக்கு ஃபோரிடேன்னு ஒரு ஈ குடும்பத்தைப் பத்தி பேசலாம்னு வந்திருக்கேன். நீங்க இத கண்டிப்பா பாத்திருப்பீங்க, பழ ஈன்னு நினைச்சு விரட்டியிருப்பீங்க. ஆனா பழ ஈ அந்தரத்துல மெதுவா மெதக்கும், இது கையை ஓங்குனா பறக்காம குடுகுடுன்னு ஓடும், சட்டுனு நிக்கும், மறுபடி வேற பக்கம் ஓடும், அந்த ஓட்டத்தை ஒரு தடவை கவனிச்சுட்டா அப்புறம் லென்ஸே வேணாம்.

லென்ஸ் இருந்தா இன்னும் நல்லது. பக்கவாட்டுல பாருங்க, முதுகு கூன் போட்டு தலை கீழ இறங்கியிருக்கும். பின்னங்கால் தொடை தட்டையா பெருசா இருக்கும். ரெக்கைதான் முக்கியம்ங்க: முன் விளிம்புல மட்டும் தடிச்ச நரம்பு, அதுவும் பாதியிலயே நின்னுடும், மிச்ச இடத்துல நூல் மாதிரி சில மெல்லிய நரம்பு சாய்வா ஓடும், நடுவுல குறுக்கு நரம்பே இருக்காது. குடும்பத்தை இப்படி ஈஸியா சொல்லிடலாம், ஆனா இனம் பிரிக்கறது பெரிய பாடு. பேர் வெச்சதே 4,000க்கு மேல. லாஸ் ஏஞ்சலஸ்ல வீட்டுத் தோட்டங்கள்ல பொறி வெச்சதுலயே 30 புது இனம் கிடைச்சுது, 2015ல அறிவிச்சாங்க, அவ்ளோ பெரிய சிட்டிக்குள்ள!

இந்தக் குடும்பத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது சூடாக்டியான்ங்கற வகை. நெருப்பு எறும்பு மேல பாய்ஞ்சு ஒரு செகண்டுக்குள்ள உடம்புக்குள்ள முட்டையை வெச்சுட்டுப் போயிடும். புழு பொரிஞ்சு மெல்ல தலைக்குள்ள போகும், அங்கயே வளரும், கடைசில கழுத்து ஜவ்வு கரைஞ்சு எறும்போட தலை தனியா கழண்டு விழுந்துடும், அந்த காலி மண்டைக்குள்ளயே கூட்டுப்புழுவா இருந்து அப்புறம் எறும்போட வாய் வழியா ஈயா வெளிய வரும். இந்த ஈ மேல சுத்துதுன்னு தெரிஞ்சாலே எறும்புங்க இரையை விட்டுட்டு ஒளிஞ்சுக்கும், நெருப்பு எறும்பைக் கட்டுப்படுத்தறதுக்காக 1997ல இருந்து அமெரிக்காவுல இத வெளிய விட ஆரம்பிச்சாங்க, கொல்றத விட இந்த பயம்தான் பெரிய வேலை செய்யுதுன்னு எனக்குத் தோணும்.

எல்லாமே இப்படி இல்லைங்க, அழுகுனத தின்னு வாழறதும் நிறைய, புதைச்ச பொணத்தைத் தேடி மண்ணுக்குள்ள இறங்கறதும் உண்டு.

2012ல தாய்லாந்துல கிடைச்ச இதே குடும்பத்து ஈ ஒண்ணுக்கு பேர் வெச்சாங்க, யூரிபிளாட்டியா நானக்நிஹாலி. முழு நீளமே 0.4 மில்லிமீட்டர். அதுக்குள்ள ரெக்கை, கண்ணு, முட்டை வைக்கற ஊசின்னு எல்லாமே இருக்குங்க.