எக்செல்ல ஆட்டோ ரெக்கவர் வெச்சாச்சு, சரி, சேவ் பண்ணீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். கடை வரவு செலவோ, மகளிர் குழு கணக்கோ, பசங்க மார்க் லிஸ்ட்டோ, மத்தியானம் பூரா உக்காந்து அடிச்சது கரண்ட் போன ஒரு நொடியில காணாம போறத நிறைய வீட்டுல பாத்திருக்கேன், மனசு ரொம்ப கஷ்டமாயிடும், அதனாலதான் இன்னைக்கு இதப் பேசறேன்.

எக்செல்ல ஃபைல் மெனுவுக்குப் போயி ஆப்ஷன்ஸ், அதுல சேவ். அங்க ஆட்டோ ரெக்கவர், அதாவது நடுநடுவுல தானா ஒரு காப்பி எடுத்து வெக்கற வசதி, எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கான்னு இருக்கும், நாம தொடலன்னா 10 நிமிஷம், அத 2 இல்ல 3ன்னு குறைச்சிருங்க. சேவ் பண்ணாம மூடிட்டாலும் கடைசி காப்பிய வெச்சிருக்கறதுக்கு அங்கயே ஒரு டிக் இருக்கு, அதுவும் இருக்கட்டும். எக்செல் மாதிரியே இலவசமா கிடைக்கற லிப்ரே ஆபீஸ் கால்க்னா டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல். பேக்கப் காப்பிக்கு அங்க ஒரு டிக் போட்டா ஒவ்வொரு சேவுக்கும் முந்தின ஃபைல தனியா எடுத்து வெச்சுக்கும், ரொம்ப நல்ல வசதி, யாரும் கண்டுக்கறதே இல்ல.

ஆனா இந்த ஆட்டோ ரெக்கவர் உங்க ஃபைல சேவ் பண்றதில்லங்க. அது வேற இடத்துல தற்காலிகமா ஒரு காப்பி எடுக்குது, அவ்ளோதான், எக்செல் பாதியில நின்னு போனா அடுத்து திறக்கறப்ப அந்தக் காப்பிய எடுத்துக் காட்டும். அதனால கன்ட்ரோல் எஸ் அடிச்சு நாமளே சேவ் பண்ற பழக்கத்த விட்டுராதீங்க.

நெசமாவே தானா சேவ் ஆகணும்னா சந்தா கட்டி எடுக்கற மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்ல மேல இடது ஓரத்துல ஆட்டோசேவ்னு ஒரு சுவிட்ச் இருக்கு, ஃபைல் மைக்ரோசாஃப்டோட இணைய சேமிப்பான ஒன்டிரைவ்லயோ ஷேர்பாயின்ட்லயோ இருந்தாதான் அது வேலை செய்யும், நம்ம கம்ப்யூட்டர் டி டிரைவ்ல கிடக்கற ஃபைலுக்கு ஆகாது. இதுல ஒண்ணு கவனிக்கணும், தீபாவளி போனஸ் இவ்ளோ குடுத்தா கையில என்ன மிஞ்சும்னு சும்மா நம்பர மாத்திப் பாப்பீங்க, அது அப்படியே ஒரிஜினல்ல ஏறிடும். அந்த மாதிரி வேலைக்கு முதல்லயே தனி காப்பி எடுத்துக்கோங்க. ஏறிட்டாலும் பயப்படாதீங்க, வெர்ஷன் ஹிஸ்டரின்னு ஃபைலோட முந்தின நிலைகள காட்டற இடத்துல பழசு இருக்கும், கூகுள் ஷீட்ஸ்லயும் அப்படித்தான்.

பேரே வெக்காத புது ஃபைல் போயிடுச்சுன்னா ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் வொர்க்புக், அதுல ரெக்கவர் அன்சேவ்டு வொர்க்புக்ஸ். ரெண்டு மூணு நாள்ல தேடிடுங்க, ரொம்ப நாள் அது அங்க இருக்காது.