நிகர லாபம் இரண்டு மடங்கு, தொழில் லாபம் பாதி: அமேசான் கணக்கைப் படிப்போம்

[திரையில்: 720 கோடி டாலர், பக்கத்தில் 1,430 கோடி டாலர்]

2022 பிப்ரவரி 3. அமேசான் தன்னோட நாலாம் காலாண்டுக் கணக்கை வெளியிடுது. நிகர லாபம், அதாவது செலவு, வருமான வரி எல்லாம் போக கணக்கோட கடைசி வரியில நிக்கிற தொகை, 1,430 கோடி டாலர். முந்தின வருஷம் இதே மூணு மாசத்துல 720 கோடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இப்போ அதே அறிக்கையில செயல்பாட்டு லாபம்ங்கிற வரிக்கு வாங்க. பொருள் விக்கிறது, கிளவுட் சேவை, விளம்பரம்னு அமேசான் தினமும் செய்யிற தொழில்ல செலவெல்லாம் போக நிக்கிற தொகை இது. 690 கோடியா இருந்தது, 350 கோடியா இறங்கியிருக்கு.

தொழில்ல பாதி, கடைசி வரியில இரண்டு மடங்கு. எப்படி?

[திரையில்: லாப நட்டக் கணக்கு, இரண்டு வரிகளுக்கு இடையில் உள்ள பகுதி மட்டும் ஒளிர்கிறது]

இந்த ரெண்டு வரிக்கும் நடுவுலதான் நான்-ஆப்பரேட்டிங் இன்கம், அதாவது செயல்பாடு சாராத வருமானம் உட்கார்ந்திருக்கு. கையிருப்புப் பணத்துக்கு வர்ற வட்டி, கடனுக்குக் கட்டுற வட்டி, மத்த கம்பெனிகள்ல வச்சிருக்கிற பங்கோட ஏற்ற இறக்கம் எல்லாம் இங்கேதான் வரும். வருமானம்னு பேர் இருந்தாலும் மைனஸ்லயும் வரும், அதை மறந்துடாதீங்க.

அந்தக் காலாண்டுல அங்கே இருந்தது ரிவியன். மின்சார வண்டி தயாரிக்கிற அமெரிக்கக் கம்பெனி. அமேசான் அதுல 2019லயே பணம் போட்டு, டெலிவரிக்காக ஒரு லட்சம் வேனும் ஆர்டர் கொடுத்திருந்துச்சு. 2021 நவம்பர்ல ரிவியன் 78 டாலர் விலையில பங்குச் சந்தைக்கு வந்தது, விலை எகிறுச்சு. அமேசான் 1,180 கோடி டாலரை மதிப்பு உயர்வு லாபமா எழுதுச்சு. பங்கை வித்து வந்த பணம் இல்ல இது.

தெருமுனையில மளிகைக்கடை வச்சிருக்கிறவர் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கார், விலை பத்து லட்சம் ஏறிடுச்சுன்னு வைங்க. அவர் சொத்து கூடினது உண்மை. ஆனா அந்தப் பத்து லட்சம் கல்லாவுல விழல. கடையில அரிசி, பருப்பு எப்படி விக்குதுன்னும் அது சொல்லாது.

அமேசான் எதையும் மறைக்கல, நிகர லாபத்தைச் சொன்ன கையோட இதையும் எழுதியிருந்துச்சு. விக்காத பங்கோட ஏற்ற இறக்கமும் லாப நட்டக் கணக்குக்குள்ள வரணும்ங்கிறது 2018ல இருந்து அமெரிக்காவுல நடைமுறையில இருக்கிற கணக்கு விதி.

[திரையில்: 2022 ஜனவரி முதல் மார்ச் வரை]

அடுத்த காலாண்டுல அப்படியே தலைகீழ். ரிவியன் விலை சரிஞ்சு 760 கோடி டாலர் மதிப்பு இழப்பு. அமேசானுக்கு 380 கோடி நிகர நஷ்டம், 2015க்கு அப்புறம் முதல் தடவையா. 'எல்லாம் ரிவியனால வந்தது, தொழில் நல்லாத்தான் இருக்கு'ன்னு சமாதானம் சொல்லத் தோணும். அங்கேதான் கவனம் வேணும். செயல்பாட்டு லாபமும் 890 கோடியில இருந்து 370 கோடியா விழுந்திருந்துச்சு. லாபம் வந்தப்பவும் நஷ்டம் வந்தப்பவும், தொழில் பலவீனமானதை ரிவியன் எண்தான் மறைச்சுது. என்னைக் கேட்டா, இந்த ரெண்டு காலாண்டையும் சேர்த்துப் படிக்கிறதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நீங்க கணக்குப் போடும்போது ஒண்ணு: 1,180 கோடிங்கிறது வருமான வரி (டாக்ஸ்) கழிக்கிறதுக்கு முந்தின தொகை, நிகர லாபம் அதைக் கழிச்ச பிறகு நிக்கிறது. அதை நிகர லாபத்துல இருந்து நேரா கழிச்சா விடை தப்பாகும்.

எல்லா செயல்பாடு சாராத வருமானமும் ஏட்டுக் கணக்கு இல்ல. வட்டி நிஜமாவே கைக்கு வர்ற பணம். பிரிச்சுப் பார்க்க, நிஜமா உள்ளே வந்த, வெளியே போன பணத்தைக் காட்டுற பணப்புழக்க அறிக்கைக்குப் போங்க. மதிப்பு உயர்வு அங்கே கழிக்கப்பட்டிருக்கும்.

நம்ம ஊர் ஐ.டி. கம்பெனிகளோட முடிவுகளைப் பார்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய முறையில 'இதர வருமானம்' மேலேயே, விற்பனை வருவாய்க்கு அடுத்த வரியில வந்து 'மொத்த வருமான'த்துல கலந்துடும். செயல்பாட்டு லாபம்னு தனி வரியும் இருக்காது. வருமான வரிக்கு முந்தின லாபத்தை எடுத்து, இதர வருமானத்தைக் கழிச்சு, வட்டிச் செலவைத் திரும்பக் கூட்டி நீங்கதான் அதைக் கண்டுபிடிக்கணும்.