31-ல 28 போனா 2-ஆம்! ரெண்டு நாள் போச்சு மக்களே

வணக்கம் மக்களே. இன்னைக்கு நான் கொஞ்சம் கடுப்புல இருக்கேன். வேற யார் மேலயும் இல்ல, என் மேலயேதான். ஏன்னு சொல்றேன், ஆனா முதல்ல புதிரைச் சொல்லிடறேன். இல்லேன்னா நான் பாட்டுக்குப் புலம்பிட்டே இருப்பேன், உங்களுக்கே தெரியும்.

1-லேர்ந்து 9 வரைக்கும் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரே ஒரு தடவை போட்டு 9 இலக்க எண் ஒண்ணு எழுதணும். அதுல முதல் 2 இலக்கம் 2-ஆல வகுபடணும், முதல் 3 இலக்கம் 3-ஆல, முதல் 4 இலக்கம் 4-ஆல. இப்படியே 9 வரைக்கும். அவ்ளோதான். அக்கா பொண்ணு ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து நீட்டினா, "மாமா, இதுல எதுவுமே வர மாட்டேங்குது"ன்னு. பள்ளிக்கூடக் கணக்குதானே, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாம்னு உக்காந்தேன்.

நம்ம ரூல்ஸ் தெரியும்ல? கால்குலேட்டர் கிடையாது, பின்பக்கம் திருப்பி விடை பாக்கக் கூடாது, பேனா கூடவே கூடாது. பேனால புதிர் போடறவங்களை எனக்குப் புரியவே மாட்டேங்குது. அவ்ளோ தைரியம் எங்கேர்ந்து வருது?

முதல்ல இடது பக்கத்துலேர்ந்து சும்மா போட்டுப் பாத்தேன். 1, 12, 123, 1236, 12365, 123654. எல்லாம் வகுபடுது! ராஜா மாதிரி போயிட்டிருந்தேன். 7-ல வந்து முட்டிக்கிச்சு. அடுத்து 3 போட்டாதான் 7-ஆல வகுபடும், 3 ஏற்கெனவே மூணாவது இடத்துல உக்காந்திருக்கு. மொத்தம் 3,62,880 விதமா அடுக்கலாம். இப்படி ஒவ்வொண்ணா முட்டினா பென்சில் தீந்துடும், ஆயுசும் தீந்துடும்.

சரின்னு யோசிச்சேன். 5-ஆல வகுபடணும்னா கடைசில 0 இல்லேன்னா 5. நம்மகிட்ட 0 இல்ல. அதனால அஞ்சாவது இடம் 5. 2, 4, 6, 8-ஆவது இடங்கள்ல இரட்டைப்படைதான் வர முடியும். இருக்கறதே நாலு இரட்டைப்படை, நாலும் அங்கேயே போயிடுச்சு. அப்போ 1, 3, 7, 9 நாலும் மிச்ச இடங்களுக்கு. இது தெரிஞ்ச உடனே எழுந்து நின்னு ஒரு சுத்து நடந்துட்டு வந்தேன், உண்மையாவே.

அடுத்து 4. கடைசி ரெண்டு இலக்கம் 4-ஆல வகுபடணும், மூணாவது இடம் ஒற்றைப்படை. 12, 16, 32, 36ன்னு எழுதிப் பாருங்க, முடிவுல 2 இல்லேன்னா 6தான் வரும். எட்டாவது இடத்துக்கும் 2 இல்லேன்னா 6தான். அங்க 8-ஓட விதிப்படி கடைசி மூணு இலக்கத்தைப் பாக்கணும். ஆனா ஆறாவது இடம் இரட்டைப்படைங்கறதால அந்த நூறுகள் தானாவே 8-ஆல வகுபட்டுடும். மிச்ச ரெண்டு இலக்கத்தைப் பாத்தா போதும்: 16, 32, 72, 96. 56-ம் வரும், ஆனா 5 தீந்துபோச்சு. அப்போ மிச்ச இரட்டைப்படை இலக்கங்களான 4-க்கும் 8-க்கும் இருக்கறது ரெண்டாவது இடமும் ஆறாவது இடமும்தான்.

ஐயோ, 3-ஐ மறந்துட்டேன்! 3-தான் இதுல கதாநாயகன். முதல் மூணு இலக்கம் 3-ஆல வகுபடுது, முதல் ஆறும் வகுபடுது. அப்போ நடுவுல இருக்கற மூணோட கூட்டுத்தொகையும் 3-ஆல வகுபடணும். அதனால நடுவுல 258 இல்லேன்னா 654. வேற எதுவும் கிடையாது.

258 வெச்சா 147258963, 741258963ன்னு ரெண்டுதான் தேறும். 654 வெச்சா எட்டு தேறும். மொத்தம் பத்து. மூணு லட்சத்து சொச்சத்துலேர்ந்து பத்து! இந்த இடத்துல நான் கைதட்டிக்கிட்டேன், தனியாதான். 9-ஐப் பத்திக் கவலையே இல்ல, 1-லேர்ந்து 9 வரைக்கும் கூட்டினா 45, எப்படி அடுக்கினாலும் வகுபடும். 7 மட்டும்தான் பாக்கி. 7-க்குக் குறுக்கு வழி எதுக்கு, பத்தையும் நேரா வகுத்துடலாம்னு வகுத்தேன்.

பத்துமே மீதி வந்துச்சு.

ரெண்டு நாள், மக்களே. புதிரே தப்புன்னு வீடியோ போடற அளவுக்குப் போயிட்டேன். தலைப்புகூட ரெடி. "புத்தகத்துல தப்பு"ன்னு அக்கா பொண்ணுகிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டேன்.

நேத்து ராத்திரி தூக்கம் வராம 1001 ஞாபகம் வந்துச்சு. 7, 11, 13 மூணையும் பெருக்கினா 1001. அதனால எண்ணை வலது பக்கத்துலேர்ந்து மும்மூணா பிரிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிக் கழிச்சா, வர்றது 7-ஆல வகுபடுதான்னு பாத்தா போதும். பழைய காகிதத்தை எடுத்து ஒவ்வொண்ணா போட்டேன். அதுல ஒண்ணோட முதல் 7 இலக்கம், 3816547 வந்துச்சு. 547-ம் 3-ம் 550. 816-ல 550 போனா 266. ஏழு முப்பத்தெட்டு 266!

உடனே பழைய வகுத்தலைப் பாக்கறேன், 31-ல 28 போனா 2ன்னு எழுதியிருக்கேன். 2! அங்கேர்ந்து எல்லாம் சாஞ்சு, கடைசில மீதி 3. அழகான கையெழுத்துல வேற எழுதியிருக்கேன்.

விடை 381654729. மிச்ச ஒன்பதையும் 1001 வெச்சு மறுபடி பாத்துட்டேன், ஒண்ணும் தேறல. இது ஒண்ணுதான். பின்பக்கத்துலயும் இதேதான் இருக்கு, ஆனா எண்ணை மட்டும் போட்டிருக்காங்க, எப்படி வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. எனக்குச் சுத்தமா பிடிக்காத பழக்கம் இது.

இன்னொண்ணு. ஒவ்வொரு இலக்கமும் ஒரு தடவைதான்கற நிபந்தனையைத் தூக்கிட்டு, 0-ஐயும் விட்டா, இப்படி வகுபட்டுக்கிட்டே நீளற எண் 25 இலக்கத்தோட நின்னுடும். அந்த நீளத்துல ஒண்ணே ஒண்ணுதான்: 3608528850368400786036725. இதைக் கையால சரிபாக்கப் போறேன், ஆமா, பென்சில்லதான்.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வேலை. 0-ஐயும் சேர்த்துக்கிட்டு 10 இலக்கம், 10 வரைக்கும் வகுபடணும், இதுலயும் ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான். 10-ஆல வகுபட கடைசில 0 வரணும், அப்போ முன்னாடி 9 இலக்கமும்... அட, சொல்லியே தொலைச்சுட்டேனா? சரி, இதை வெட்ட மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.