வான்துவுக்கும் லூபெரோனுக்கும் இடையே: கார்கள் அதிகம் வராத சைக்கிள் சாலைகள்

வணக்கம் நண்பர்களே. தென்கிழக்கு பிரான்சின் பிரொவான்ஸ் பகுதியில், வான்து மலைக்கும் லூபெரோன் மலைத்தொடருக்கும் நடுவே இருக்கும் உள்நாட்டைச் சைக்கிளில் எப்படிக் கடப்பது என்பதைத்தான் இந்தக் காணொளியில் பேசப் போகிறேன். பிரொவான்ஸ் என்றதும் சைக்கிள் ஓட்டும் பலருக்கு 1,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் வான்துவின் வெள்ளை உச்சிதான் நினைவுக்கு வருகிறது. கோடைக் காலத்தில் அந்த உச்சிக்கு ஏறும் சாலைகளில் சைக்கிள்களும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அதே மலையின் கிழக்குப் பக்கம் இறங்கிச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், நல்ல தார் போட்ட சாலையில், உங்கள் சங்கிலியின் ஓசையும் வானம்பாடியின் குரலும் தவிர வேறு எதுவும் கேட்காமல் நெடுந்தூரம் ஓட்டலாம்.

இவ்வளவு ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இத்தனை நல்ல சாலைகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது வழி தேர்ந்தெடுக்க மிகவும் உதவும். 1836ஆம் ஆண்டு பிரான்சில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஊருக்கும் ஊருக்கும் இடையிலான பாதைகளைப் பராமரிக்கும் கடமையை ஒவ்வொரு ஊராட்சியின் மீதும் சுமத்தியது. அன்று இந்த மலைநாட்டு ஊர்களில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பிறகு பட்டுப்புழுக்களுக்கு நோய் வந்தது. திராட்சைக் கொடியின் வேரைத் தின்னும் பில்லோக்செரா பூச்சி வந்தது. செயற்கைச் சாயம் வந்ததும், சமவெளியில் பெரிய அளவில் பயிராகிவந்த மஞ்சிட்டி இனத்துச் சாயச்செடிக்கு விலை இல்லாமல் போனது. பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனவர்கள் போக, மிஞ்சிய இளைஞர்களில் பலரை முதல் உலகப் போர் கொண்டுபோனது. எந்தச் சிற்றூரில் நிறுத்தினாலும் அங்கே இருக்கும் போர் நினைவுத் தூணைப் பாருங்கள். இன்றைய ஊரின் அளவுக்குப் பொருந்தாத நீளத்தில் பெயர்கள் இருக்கும். மக்கள் குறைந்தார்கள், சாலைகள் குறையவில்லை. இன்று பிரான்சில் இருக்கும் 10 லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் மிகப் பெரும்பகுதி ஊராட்சிகளும் மாவட்டங்களும் பராமரிப்பவைதான்.

ஆகவே வரைபடத்தில் நான் தேடுவது அழகான சாலையை அல்ல. தனக்கு அருகிலேயே ஒரு புதிய, வேகமான சாலை போடப்பட்டதால் வேலை இழந்துவிட்ட பழைய சாலையைத்தான் தேடுகிறேன். இப்போது திரையில் தெரிவது மிஷலின் நிறுவனத்தின் 1:1,50,000 அளவு வரைபடம். இதில் சிவப்புக் கோடுகள் முக்கியச் சாலைகள், மஞ்சள் கோடுகள் அடுத்த நிலைச் சாலைகள், வெள்ளைக் கோடுகள் ஊர்ச்சாலைகள். வெள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையின் குறுக்கே சிறு அம்புகள் இருந்தால் ஏற்றம் என்று பொருள்: ஓர் அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13 சதவீதம், மூன்று அதற்கும் மேல். கைப்பேசிச் செயலிகள் குறுக்கு வழி தேடிக் கொடுப்பதில் கெட்டிக்காரத்தனம் உடையவை, ஆனால் எந்தப் பழைய சாலை எந்தப் புதிய சாலையால் வேலை இழந்திருக்கிறது என்பது காகித வரைபடத்தை விரித்தால்தான் ஒரே பார்வையில் புரிகிறது.

நான் பரிந்துரைக்கும் வழி கார்பந்த்ராவில் தொடங்குகிறது. அவிஞ்ஞோனிலிருந்து அங்கே பயணிகள் ரயில் 2015 முதல் மீண்டும் ஓடுவதால், சைக்கிளோடு வந்து இறங்குவது எளிது. அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களின் ஊடாக வீல்-சுர்-ஓசோன் என்ற ஊருக்கு வந்துவிட்டால், உங்கள் முன் இரண்டு சாலைகள் பிரியும். டி1 என்ற சாலை அபேய் கணவாய் வழியாக நேராக சோ நகரத்துக்கு ஏறுகிறது. அவசரமாகப் போகிற கார்கள் அதில் போய்விடும். டி942 என்ற பழைய சாலையோ நெஸ்க் ஆற்றின் பள்ளத்தாக்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. நான் சொன்ன விதிக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஏற்றம் மிக மென்மையானது. பளு ஏற்றிய சைக்கிளோடும் பேசிக்கொண்டே ஏறலாம். சாலை பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. இடப்பக்கம் சுண்ணாம்புக்கல் சுவர், வலப்பக்கம் பல நூறு மீட்டர் ஆழத்தில் பசுமை. உயரமான இடத்தில் காஸ்தெலரா என்ற பார்வைமேடை இருக்கிறது. எதிரே நெட்டுக்குத்தாக நிற்பது சீர் பாறை. காட்டுத் தேனீக்கள் கூடு கட்டிய பாறை என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மோட்டார் சைக்கிள் குழுக்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதுண்டு என்பதால், வாரநாள் காலையில் வருவதே நல்லது.

சோ நகரம் சுமார் 760 மீட்டர் உயரத்தில், லாவெண்டர் வயல்களுக்கு மேலே ஒரு மேட்டில் அமர்ந்திருக்கிறது. வயல்கள் ஜூலையில் ஊதா நிறத்தில் நிற்கும், ஆகஸ்ட் நடுவில் அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே பலரும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். இங்கிருந்து கிழக்கே, சேன்-திரினித், ரெவே-து-பியோன் ஊர்கள் வழியாக பனோன் வரை நீளும் ஆல்பியோன் பீடபூமிதான் இந்தப் பயணத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். லாவெண்டரும், சிறுமணிக் கோதுமையும், ஓக் காடுகளும், ஆட்டுப் பட்டிகளும் மாறி மாறி வரும் திறந்த வெளி இது. குளிர்ப்போர்க் காலத்தில், 1971 முதல் 1996 வரை, பிரான்சின் அணு ஏவுகணைகள் இந்தப் பீடபூமியில் 18 நிலத்தடிக் கிணறுகளில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அவை அகற்றப்பட்டுவிட்டன. அவற்றை இயக்குவதற்காக ருஸ்திரெல் ஊரருகே மலைக்குள் குடையப்பட்ட ஒரு கட்டுப்பாட்டு அறை, இன்று அதிர்வும் இரைச்சலும் மிகக் குறைவாக உள்ள இடம் தேவைப்படும் ஆய்வுகளுக்கான நிலத்தடி ஆய்வுக்கூடமாகச் செயல்படுகிறது. ஒரு நாட்டின் அறிவியலாளர்கள் அமைதியைத் தேடி வந்து சேர்ந்த மலைக்கு மேலேதான் நாம் சைக்கிள் ஓட்டுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிற செய்தி.

இந்தப் பீடபூமியில் ஓர் ஆபத்து உண்டு, அது தண்ணீர். சுண்ணாம்புக்கல் பூமி மழையைத் தங்கவிடாமல் உறிஞ்சிவிடுகிறது. இங்கே விழும் மழை நிலத்தடிக் குகைகளின் வழியே ஓடி, மேற்கே வெகுதொலைவில் ஃபோந்தேன்-த-வோக்லூஸ் என்ற ஊரில் ஒரே பெரிய ஊற்றாக வெளிப்படுகிறது. மேலே ஓடையும் இல்லை, சுனையும் அரிது. எனவே சோவை விட்டுக் கிளம்பும்போது இரண்டு பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர்ச் சதுக்கத்து நீர்க்குழாயில் வராவிட்டால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்காகப் பெரும்பாலும் அங்கே ஒரு குழாய் வைத்திருப்பார்கள். குடிக்க உகந்ததல்ல என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உணவுக்கும் இதே முன்யோசனை வேண்டும். பகல் 12 மணிக்குக் கடைகள் அடைத்தால் 2 மணிக்கோ அதற்குப் பிறகோதான் திறக்கும். திங்கட்கிழமைகளில் பல ரொட்டிக் கடைகள் திறப்பதே இல்லை. 12 மணிக்கு முன்பே ரொட்டி வாங்கிவிடுங்கள். எல்லோரும் சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் சாலைகள் மிகவும் காலியாக இருக்கும் நேரம்.

பனோன், செஸ்ட்நட் இலையில் சுற்றிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, 12ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் வட்ட மண்டபம் உச்சியில் நிற்கும் சிமியான்-லா-ரோதோந்த் வழியாகத் தெற்கே இறங்குங்கள். ஒப்பதெத் என்ற மிகச் சிறிய ஊரின் அருகே கலவோன் ஆறு ஆழமான, குறுகிய பள்ளத்தாக்கை அறுத்திருக்கிறது. அங்கிருந்து வியான் ஊருக்குப் போகும் சாலை இந்த வழியிலேயே மிகவும் ஒதுக்குப்புறமானது. எதிரே ஒரு கார் வந்தால் இருவரில் ஒருவர் ஓரம் ஒதுங்க வேண்டிய அகலம்தான், ஆனால் பெரும்பாலும் அந்தத் தேவை எழுவதில்லை.

பிறகு ஆப்த் பள்ளத்தாக்கு. இங்கே டி900 சாலை லாரிகளால் நிறைந்தது. தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். அதற்கு இணையாக, கைவிடப்பட்ட ரயில்பாதையின் மீது அமைத்த கலவோன் சைக்கிள் பாதை கவய்யோன் திசையில் போகிறது. அதில் போகையில் மூன்று வளைவுகள் கொண்ட ஜூலியான் பாலத்தைக் கடப்பீர்கள். கி.மு. 3ஆம் ஆண்டில் ரோமானியர்கள் கட்டிய இந்தப் பாலத்தின் தூண்களில், வெள்ளம் வந்தால் நீர் புகுந்து போவதற்கென்றே திறப்புகள் விட்டிருக்கிறார்கள். 2005 வரை கார்கள் இதன் மீது ஓடின. பக்கத்தில் புதிய பாலம் கட்டியதும் இது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் உரியதாகிவிட்டது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது. சோவிலிருந்து பனோன் நோக்கிப் போகும்போது அது முதுகுக்குப் பின்னே இருக்கும் என்பதால்தான் இந்தத் திசையில் போகச் சொல்கிறேன். பலமாக வீசும் என்று முன்னறிவிப்பு வந்தால் சோவிலேயே ஒரு நாள் தங்கிவிடுங்கள். மே, ஜூன் மாதங்களும் செப்டம்பரும்தான் என் தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு காட்டுத்தீ அபாயமும் சேர்ந்து சில காடுகளுக்குள் நுழையத் தடை விதிக்கப்படலாம்.

பிரான்சில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் தனிப் பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஊருக்கு வெளியே உங்களைக் கடக்கும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், அங்குள்ள ஓட்டுநர்கள் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். இரவிலோ பனிமூட்டத்திலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். கோடையில் ஊர்ச்சாலைகளில் புதிதாகத் தாரும் சல்லியும் போடுவார்கள். உதிரிக் கற்களில் இறக்கத்தில் வேகமாகப் போகாதீர்கள், 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். கவய்யோனில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து அவிஞ்ஞோனுக்குத் திரும்பிவிடலாம். மூன்று நாட்களாகப் பிரித்து, முதல் இரவு சோவிலும் அடுத்த இரவு சிமியானிலும் தங்குவது போல அமைத்த வழித்தடக் கோப்பைக் காணொளிக்குக் கீழே இணைத்திருக்கிறேன்.