தோற்றுக்கொடுக்கும் ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம். வேலை நிமித்தமாக ஜப்பானில் சில வருடங்கள் இருந்தேன். தோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா மாகாணத்தில் வீடு. பக்கத்திலேயே ஒரு தோஜோ, அதாவது பயிற்சிக்கூடம். அங்கே கெண்டோ கற்றேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூங்கில் வாளால் மோதுவார்களே, அதுதான் கெண்டோ. ஆனால் என்னை மாற்றியது கவசமில்லாமல் மரவாளோடு இருவர் செய்யும் கட்டா.

கட்டாவில் வெட்டும் பதில்வெட்டும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. 1912இல் வகுத்த கட்டாக்கள் மொத்தம் 10. முதலில் வெட்டுபவர் உச்சிதாச்சி. அதைச் சமாளித்துத் திருப்பி வெட்டுபவர் ஷிதாச்சி. ஜெயிப்பது ஷிதாச்சிதான். உச்சிதாச்சியாக நிற்பதோ மூத்தவர். ஆக, பத்து கட்டாவிலும் தோற்பவர் ஆசிரியர்.

பழைய வாள் பள்ளிகளிலும் மூத்தவருக்கு இந்த இடம்தான். சிபாவிலேயே கத்தோரி ஆலயம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இஇசாசா சோய்சாய் என்ற வீரர் அங்கே ஆயிரம் நாள் பயிற்சி செய்து கத்தோரி ஷிந்தோ ரியூ என்ற பள்ளியைத் தொடங்கினார் என்பார்கள். இன்றும் அது நடக்கிறது. சேருபவர்கள் ரத்தம் தொட்டுச் சத்தியம் செய்யவேண்டும்: பள்ளியின் நுணுக்கங்களைச் சொந்தபந்தத்துக்கும் காட்டமாட்டேன், சூதாடமாட்டேன், வம்புச்சண்டைக்குப் போகமாட்டேன் என்று. அந்தப் பள்ளியில் ஒரு வாக்கு உண்டு. ‘ஹெய்ஹோ’ என்றால் போர்முறை. அதே ஒலியை வேறு எழுத்தில் எழுதினால் அமைதியின் முறை. முன்னதும் பின்னதும் ஒன்றே என்பதுதான் அந்த வாக்கு. படித்தபோது அழகான சிலேடை என்று மட்டும்தான் நினைத்தேன்.

எங்கள் ஆசிரியருக்கு எழுபது வயதுக்கு மேல். முதல் கட்டாவில் அவர் வாளைத் தலைக்கு மேல் ஓங்கி, என் உச்சந்தலைக்கு நேராக வெட்டுவார். நான் பின்வாங்க, அவர் வாள் காற்றை வெட்டிக்கொண்டு கீழே போகும். அந்த நொடியில் முன்னே வந்து நான் அவர் தலைக்கு மேலே வெட்டி நிறுத்தவேண்டும். அவர் வெட்டு பாவனை இல்லை. நான் நகராவிட்டால் மண்டை உடையும். பயத்தில் ஒருநாள் சீக்கிரமே பின்வாங்கிவிட்டேன். அவர் வாளைப் பாதியிலேயே நிறுத்தினார். ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்துக்குப் போய் நின்றார். மறுபடியும் அவசரப்பட்டேன், மறுபடியும் நிறுத்தினார். வெட்டு வருவதற்கு முன்னே ஓடினால் கட்டாவே கிடையாது. அந்த அரைநொடி காத்திருக்கப் பழகவே எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. அலுவலகத்தில் யாராவது கோபமாகப் பேசினால் முழுதாகக் கேட்கும் முன்பே பதில் சொல்லுகிற வழக்கம் எனக்கு உண்டு. இதுவும் அதே அவசரம்தான் என்று அப்போது பிடிபட்டது.

மூன்று வருடம் கழித்து ஒரு கல்லூரிப் பையன் சேர்ந்தான். “நீங்கள் உச்சிதாச்சி” என்றார் ஆசிரியர். சரி, சுலபம் என்று நினைத்தேன். கை ஒத்துழைக்கவில்லை. தோற்கத்தானே போகிறோம் என்று வெட்டு அரைமனதாக விழுந்தது. அவன் சிரமமில்லாமல் விலகிக்கொண்டான், ஒன்றும் கற்கவில்லை. அப்புறம் அவன் வாள் என் நெற்றிக்கு மேல் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஆசிரியர் எனக்காக எத்தனை ஆயிரம் தடவை முழு மனதோடு வெட்டித் தோற்றிருப்பார் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். என் வாள் இறங்கும்போது ஒருதடவைகூட அவர் கண் இமைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அதே பையனுக்கு எதிரே நின்றேன். இருவரும் குனிந்து வணங்கினோம். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி அவன் உச்சந்தலைக்கு நேராக வெட்டினேன். அவன் சரியான நேரத்தில் பின்வாங்கினான். என் வாள் கீழே போயிற்று. அவன் வாள் வந்து நின்றது. இந்தத் தடவை பார்த்துக்கொண்டே இருந்தேன்.