மலைப்பாதையில் ஓட்டுநர் தேர்வு: ஏற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இறக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் கடந்துவிட்டது. சமதளத்தில் நன்றாகவே ஓட்டுகிறேன். ஏற்றத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் எடுக்கும்போது மட்டும் கார் பின்னால் உருள்கிறது. இதற்காக பிரேக் இன்ஸ்பெக்டர் என்னை ஃபெயில் ஆக்கிவிடுவாரா?" இதோடு, போகிற போக்கில் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார்: "இறக்கத்தில் கவலையில்லை, நியூட்ரலில் விட்டால் பெட்ரோலும் மிச்சம் என்று வீட்டில் சொல்கிறார்கள்." கேள்வியைக் காட்டிலும் அந்தக் கடைசி வரிதான் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில், கேட்டதற்கு விடை சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், தேர்வின்போது செய்துகாட்ட வேண்டியவற்றைப் பட்டியலிடும் 15ஆம் விதி, செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் உருளவிடாமல் மீண்டும் எடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே இன்ஸ்பெக்டர் அதைக் கவனிப்பது நியாயமே. வண்டி உருள்வதற்குக் காரணம், பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குக் கால் மாறும் அந்த நொடியில் வண்டியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் போவதுதான். அந்த நொடியை ஹேண்ட் பிரேக்கிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை கனத்து இறங்கும். காரின் முன்பகுதி லேசாக எழும்பும். இருக்கையில் ஒரு நடுக்கம் தெரியும். கிளட்ச் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இடது காலை அங்கேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் வண்டி முன்னோக்கித்தான் நகரும். பழகும்போது பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கல் ஒன்றை வைத்துக்கொண்டால் பயம் தெளியும். ஆனால், பழகி முடித்ததும் அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சாலையில் விட்டுச்சென்ற கல் இரவில் பைக்கில் வருபவரைத் தூக்கி எறிந்துவிடும். ஒருவேளை தேறாவிட்டாலும் ஏழு நாள்கள் கழித்து மறுபடியும் தேர்வுக்குப் போகலாம் என்று சட்டமே வழி விட்டிருக்கிறது.

இனி, நீங்கள் கவலையில்லை என்று தள்ளிவிட்ட இறக்கத்துக்கு வருகிறேன். இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும். இருந்தாலும் மீண்டும் சொல்கிறேன். எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் கார் 1,400 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. நியூட்ரலில் விட்டால், அந்த வேகம் முழுவதையும் பிரேக் ஒன்றே வெப்பமாக மாற்றித் தணிக்க வேண்டியிருக்கும். பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதன் கொதிநிலை குறைந்துவிடுகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்பதுதான் அதற்குரிய தரநிலை. அது கொதித்து ஆவியாகும்போது பெடல் மெத்தென்று கீழே போய்விடும், வண்டி நிற்காது. கருகிய வாடை வந்தால், அது முன்னெச்சரிக்கை என்று அறிந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, சூடு தணியும்வரை காத்திருங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கும் தவறு. இக்காலத்துக் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளே நின்றுவிடும். உருளும் சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ, எஞ்சின் அணைந்துவிடாமல் ஓடுவதற்காகப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிடும்; பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மலையிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்தபிறகு கியரைக் குறைக்கத் தேடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை என்றார். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; எஞ்சின் உறுமினால் உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது என்று அவர் விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இரண்டாம் கியரில் செல்லுமாறு அங்கே பலகைகள் வைத்திருக்கிறார்கள். சமவெளிப் பழக்கத்தோடு வந்து, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியவர்களின் விபத்துகள் தொடர்ந்ததால்தான் வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடே வந்தது.

இன்னொன்று: குறுகலான இடத்தில் எதிரெதிரே வண்டிகள் வந்தால், இறங்குபவர்தான் ஒதுங்கி நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை இப்போது உணர்ந்திருக்கும் உங்களுக்கு அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சகோதரி, தேர்வு நாளுக்கு முன்பு, தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே காரில், பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, வண்டி நடமாட்டம் குறைந்த காலை நேரத்தில் ஓர் இறக்கம் முழுவதையும் இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், தேவைப்படும் இடத்தில் மட்டும் அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். கீழே வந்து சேர்ந்ததும் வீட்டாரையும் ஒருமுறை அதே காரில் ஏற்றிக்கொண்டு, நியூட்ரல் இல்லாமல் இறங்குவது எப்படியென்று அவர்களுக்கும் காட்டுங்கள். அப்போதும் பயிற்றுநர் உடன் இருக்கட்டும், உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை.