1,900 ரூபாய் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில முடிச்சேன்! | லத்தீனுக்கு டிக்‌ஷனரியா, சொற்றொடர் புத்தகமா?

வணக்கம் மக்களே! முதல்ல இதைப் பாருங்க. மைஸ்னரோட லத்தீன் சொற்றொடர் புத்தகம். ஆன்லைன்ல ஒரு கடையில 1,900 ரூபா போட்டிருந்தாங்க, எனக்கு வந்ததே கோபம்! ஜெர்மன் புத்தகம், 1894-ல ஆடன்ங்கறவர் இங்கிலீஷ்ல கொண்டுவந்தார். குட்டன்பர்க் தளத்துல சும்மாவே கிடைக்குது. இறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கோட 340 ரூபா. பின் அட்டை நீலத்துல கேட்டேன், அதுவும் குடுத்தாங்க. விரிச்சு வச்சா மூடவே மூடாது... கையை எடுத்துட்டேன் பாருங்க, அப்படியே கிடக்கு!

எந்த டிக்‌ஷனரி வாங்கணும்னே எல்லாரும் கேக்குறீங்க. என்கிட்ட இருக்கிற லூயிஸ் அண்ட் ஷார்ட்ங்கற லத்தீன்-இங்கிலீஷ் அகராதி உங்களுக்குத் தெரியும், 1879-ல வந்த அந்தத் தடிப் புத்தகம். படிக்கிறதுக்கு அது இல்லாம முடியாது. எழுத உக்காந்தாதான் சிக்கல். 'பெல்லும்'னா போர், சரி. போர் நடத்த எந்த வினை? கெரெரே. பயணத்துக்கு ஃபகெரே, நன்றிக்கு அகெரே. டிக்‌ஷனரியிலயும் இருக்கு, ஆனா பொடி எழுத்துல பத்தி பத்தியா தோண்டணும். மைஸ்னர்ல எல்லாம் தலைப்பு வாரியா இருக்கு: இயற்கை, உடம்பு, வீடு, வியாபாரம், சட்டம், போர், கடைசியில கப்பல். ஒரு தலைப்பை சத்தமா படிங்க, அன்னைக்கே அதை வச்சு நாலு வரி எழுதுங்க. எது எதோட சேரும்னு கையே பழகிடும்.

இந்தப் பொன்மொழித் தொகுப்பு மட்டும் வாங்காதீங்க, எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 'கார்பே தியெம்' மனப்பாடம் ஆகும், சொந்தமா ஒரு வாக்கியம் வராது.

இருங்க, டிக்‌ஷனரி பத்தி ஒண்ணு விட்டுட்டேன். வினைச்சொல் எல்லாம் 'நான்' வடிவத்துலதான் இருக்கும். 'துலித்'துக்கு (சுமந்தான்) அர்த்தம் வேணும்னா அதோட 'நான்' வடிவமான 'ஃபெரோ'வுக்குப் (சுமக்கிறேன்) போகணும். புதுசா வர்றவங்க விட்டேக்கரோட 'வேர்ட்ஸ்' ப்ரோகிராம்ல தட்டுங்க. அது இலவசம், எந்த வடிவத்தைப் போட்டாலும் மூலச்சொல்லைக் காட்டும். அப்புறம் எழுத்து வேற: 'ஏற்கனவே'ங்கறதுக்கான லத்தீன் சொல் 'யாம்' லூயிஸ் அண்ட் ஷார்ட்ல ஜே போட்டு இருக்கும், ஆக்ஸ்ஃபர்டு லத்தீன் அகராதியில ஐ. அதுல வி-யும் யு ஆயிடும். ரெண்டையும் புரட்டுறவங்க இதை முதல் பக்கத்துலயே குறிச்சு வச்சுக்கோங்க.

லிங்க் கீழ இருக்கு. அடுத்த வீடியோவுல போர் அத்தியாயத்தை வச்சு ரோமானியத் தளபதி சீசர் எழுதினதுல ஒரு பத்தி படிக்கப்போறோம், பிரிண்ட் எடுத்துட்டு வந்துடுங்க.